உடன்பிறந்தோர் விபரம்

அக்கரப்பத்தனை
10.01.2024

அன்புத் தங்கச்சி நிஷாந்திக்கு அக்கா நாகலெட்சுமி எழுதுவது,

இங்கே பனி ஒன்றுதான் தொந்தரவு, மற்றபடி நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் காது இரைச்சல் எப்படி இருக்கிறது? மதுரன் தம்பிக்கு மேசன் வேலை கிடைக்கிறதா? சின்னவள் ஷாமிலாவுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? போனில் பேசினால் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை. எனக்கோ இந்தப் பள்ளத்து லயத்து வரிசை வீட்டில் சிக்னலே இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டம் கைவிட்ட ஆற்றோரக் காணியை எங்கள் ஐந்து குடும்பங்களுக்குத் தொரை குத்தகைக்குக் கொடுத்திருப்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை உருளைக்கிழங்கு நன்றாக இறங்கியிருந்தது. பொங்கலுக்கு முன் தோண்டிவிடலாம் என்று இருந்தோம். முந்தாநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஏர் பூட்டி உழுத மாதிரி கிடக்கிறது. காட்டுப்பன்றிக் கூட்டம். உன் அத்தான் பொன்னையா வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வருசம் பன்னிக்குத்தான் பொங்கல், நமக்கு இல்ல" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கமநல சேவை நிலையத்து ஐயாவிடம் போய் முறையிட்டோம். பயிரைக் காப்பாற்ற, பன்றியைச் சுட்டு விரட்ட அரசாங்கமே துவக்குக்கு லைசன்ஸ் கொடுக்குமாம். ஆனால் தேயிலை மிலாறுக் குச்சி குத்தி அத்தானுக்கு ஒரு கண் பார்வை போனதே, அவருக்குக் கிடைக்காதாம்.

"அப்ப என் பேருல எழுதுங்க" என்றேன்.

"நீயா?" என்று அத்தான் வாயைப் பிளந்தார்.

"இருபது வருசமா கொழுந்து கிள்ளுற வெரலு. துவக்கு விசையை இழுக்க வராதாக்கும்?"

பொலிஸ் விசாரித்து நல்ல ரிப்போர்ட் கொடுத்தால் போதும், இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்றார் அந்த ஐயா. நம் குடும்பத்தில் துவக்கைத் தொட்டவர் யாரும் கிடையாது. முதல் ஆள் நானாகத்தான் இருக்கப்போகிறேன். பார்த்துக்கொண்டே இரு!

உடம்பைக் கவனித்துக்கொள். ஷாமிலாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
நாகலெட்சுமி

*

தருமபுரம், கிளிநொச்சி
06.02.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் அத்தானும் நல்லபடி இருக்க அம்மன் துணை. நாங்களும் இருக்கிறோம். காது அப்படியேதான். பழகிவிட்டது.

ஷாமிலாவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. அதைக் கண்ணாடியில் பார்ப்பதே அவளுக்கு வேலை. "அம்மா, பெரியம்மான்ர பல்லும் இப்பிடியோ?" என்று கேட்கிறாள். மதுரன் பரந்தன் பக்கம் ஒரு வீட்டு வேலையில் நிற்கிறார். எனக்குப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்க நிறைய வந்தன. கச்சான் கடலை பிடுங்கிவிட்டோம். காய்ந்ததும் உனக்குக் கொஞ்சம் அனுப்புகிறேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. உன் பனியில் ஒரு பிடி அனுப்ப முடிந்தால் அனுப்பு.

கிழங்கு போனது கேட்டு மனம் சங்கடப்பட்டது.

மற்ற விஷயத்தை யோசித்துச் செய்.

அன்புடன்,
நிஷாந்தி

*

அக்கரப்பத்தனை
14.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய கச்சான் பத்திரமாக வந்து சேர்ந்தது. லயத்தில் எல்லோருக்கும் கைக்கொரு பிடி கொடுத்தேன். அத்தான் மட்டும் மூன்று தரம் வரிசையில் வந்தார். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். உனக்கும் வீட்டாருக்கும் சுகம்தானே?

விண்ணப்பம் போட்டாகிவிட்டது! கிராம சேவகர் நற்சான்று கொடுத்தார். தொரை காணிக்குக் கடிதம் கொடுத்தார். டாக்டர் என் இரண்டு கண்ணையும் பார்த்து, "நீங்க ஊசி கோக்கலாம்" என்றார். மிச்சம் பொலிஸ் பத்திரம். அதை நிரப்பித்தர டவுனில் பெட்டிசன் எழுதும் முத்துலிங்கம் அண்ணனிடம் போனேன். எல்லாம் மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவர், "உடன்பிறந்தோர் விபரம்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"ஒரே ஒரு தங்கச்சிங்க. பேரு நிஷாந்தி. கிளிநொச்சியில இருக்கு" என்றேன்.

"மலநாட்டுப் புள்ள எப்படிம்மா அங்க போச்சு?"

சண்டை நின்றிருந்த காலத்தில் வன்னியில் வயல் வேலை இருக்கிறதென்று அப்பா உங்களைக் கூட்டிப்போனதையும், கல்யாணமாகியிருந்ததால் நான் இங்கே தங்கியதையும், திரும்பவும் சண்டை வந்து அப்பாவும் அம்மாவும் அந்த மண்ணோடு போனதையும் சொன்னேன். அவர் குரலைத் தணித்தார்.

"நான் சொல்றத கேளுங்க. இந்த எடத்தை வெறுமையா விட்டுருவோம். வடக்குன்னு கண்டா ஃபைல் படுத்துத் தூங்கிரும்."

"இருக்கிற தங்கச்சிய இல்லைன்னு எப்படிங்கண்ணே எழுதுறது? எழுதுங்க. வெலாசத்தையும் சேர்த்து எழுதுங்க" என்றேன். எழுதினார். கையெழுத்தை அழகாகப் போட்டுவிட்டு வந்தேன்.

புது விதைக்கிழங்கும் ஊன்றிவிட்டோம். அது முளைத்து வருவதற்குள் லைசன்ஸ் வந்துவிடும்.

ஷாமிலா நன்றாகப் படிக்கட்டும். உடனே பதில் போடு.

அக்கா,
நாகலெட்சுமி

*

தருமபுரம்
25.03.2024

அக்கா,

சுகமாக இரு. இதை அவசரமாக எழுதுகிறேன்.

என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடச் சொல். தவறாக எழுதிவிட்டேன் என்று சொல்லி வேறு பத்திரம் கொடு. கேட்டால், தங்கை சிறு வயதிலேயே போய்விட்டாள் என்று சொல்.

உன் வேலை முடியும்வரை எனக்குக் கடிதம் போடாதே. நானும் போடமாட்டேன். கோபம் ஒன்றும் இல்லை.

நிஷாந்தி

*

அக்கரப்பத்தனை
22.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன். உயிரோடு இருப்பவளைச் செத்துப்போனாள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வருடப் பிறப்பும் அதுவுமாக அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நீங்கள் மூவரும் புதுத்துணி கட்டிச் சந்தோசமாக இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொலிசுக்குப் பலமுறை போய்விட்டேன். போகும்போதெல்லாம் ஒரே பதில்தான். "வடக்கிலிருந்து ரிப்போர்ட் வரல்ல." காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நான் அரைநாள் லீவு கேட்டால் கங்காணி, "என்ன நாகம்மா, இன்னக்கும் துவக்கா?" என்கிறார். கொழுந்து மலையில் எனக்கு "துவக்கு நாகம்மா" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பக்கத்துப் பாத்திக்காரர் ஆண்டியப்பன் மாமா வந்தார். பன்றி வரும் வழியில் கம்பியைக் கட்டி, கம்பி இழுபட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறாராம். உனக்கும் ஒன்று செய்து தருகிறேன், லைசன்சும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம் என்றார்.

"அந்தக் கம்பிக்கு மனுசன் காலும் பன்னிக் காலும் ஒண்ணுதானேங்க மாமா. எனக்கு வேணாம்."

"அப்ப கெழங்க பன்னிக்கே குடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

தொரையும் சொல்லிவிட்டார். தொடர்ந்து இரண்டு போகம் விளைச்சல் எடுக்காத காணியைத் திரும்ப எடுத்து மரம் நடுவார்களாம். ஒன்று போய்விட்டது. இப்போது ஊன்றியிருப்பது அடுத்தது. மழைக்கு நன்றாக முளைத்திருக்கிறது.

நீ ஒரு வரி போட்டால் போதும். உடம்புக்கு ஏதுமில்லையே?

அக்கா

*

அக்கரப்பத்தனை
16.06.2024

தங்கச்சி நிஷாந்திக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி நினைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கவில்லையே நீ.

கிழங்கு பாதிக்குமேல் போய்விட்டது. மிஞ்சியதைக் காட்டித் தொரையிடம் இன்னும் ஒரு போகத்துக்குத் தவணை வாங்கியிருக்கிறோம். அதைவிடப் பெரிய சங்கதி, ஆண்டியப்பன் மாமாவின் கட்டுத்துவக்கு அவருடைய கெண்டைக்காலிலேயே வெடித்துவிட்டது. தண்ணீர் கட்டப் போனவர் தான் கட்டிய கம்பியைத் தானே மறந்துவிட்டார். அத்தானும் நானும் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். உயிருக்கு மோசமில்லை. நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பொலிஸ் வந்து எங்கள் ஐந்து காணியையும் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, மறுநாள் என்னையும் ஸ்டேசனுக்கு வரச் சொன்னார்கள்.

நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்க, ஒரு கான்ஸ்டபிள் பையன் தனக்குத் தெரிந்த தமிழில் மாற்றினான்.

"உங்களுக்கு புலியோட சம்பந்தம் இருக்கா?"

"புலியா? இருக்குங்க மாத்தயா. போன மாசம்கூட மேல்மலையில தேயிலைக்கு அடியில படுத்திருந்துச்சு. நாங்க கூச்சல் போட்டதும் எந்திரிச்சுப் போயிருச்சு. அதுபாட்டுக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது."

அவன் அதை அப்படியே சிங்களத்தில் சொல்ல, ஸ்டேசனே சிரித்தது. கேள்வி நாங்கள் புலி என்கிற சிறுத்தையைப் பற்றியதல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் சார்ஜன்ட் ஃபைலைத் திறந்து ஒரு தாளில் விரலை வைத்தார்.

"ஒங்களுக்கு தங்கச்சி இருக்கிறதா எழுதியிருக்கு. அங்க போய் கேட்டா, அக்காவே இல்லைன்னு அவங்க சொல்லியிருக்காங்க. யாரு பொய் சொல்றது?"

அதற்குமேல் அங்கே என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. ரோட்டில் நின்றுகொண்டிருந்த அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தார்.

நிஷாந்தி, உனக்கு அக்கா இல்லையா?

நாகலெட்சுமி

*

தருமபுரம்
03.07.2024

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தானும் நீயும் நலமாக இருக்க வேண்டும். ஆண்டியப்பன் மாமா எழுந்து நடக்க வேண்டும். இதை நான் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் எழுதமாட்டேன்.

மே மாதம் ஒரு நாள் ஷாமிலா வாசலில் கோழிகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. "நாகலெட்சுமி யார்?" என்று கேட்டார்கள். எதற்கென்று சொல்லவில்லை. எதற்கென்று எனக்குத் தெரியும், உன் கடிதத்தில் படித்ததுதான். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எனக்கு அக்கா இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனபிறகு ஷாமிலா, "பெரியம்மா செத்துப்போனாவோ?" என்று அழத் தொடங்கினாள்.

நம் குடும்பத்தில் துவக்கைத் தொட்டவர் இல்லை என்று எழுதினாயே. எனக்கு நோகக்கூடாதென்றுதான் அப்படி எழுதினாய். பதினைந்து வருடமாக இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாய். இப்போது நானே சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது. தையல் வகுப்புக்குப் போகும் வழியில் இயக்கத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தலைமயிரை வெட்டினார்கள். துவக்கைத் தந்தார்கள். அது என்னைவிடக் கனமாக இருந்த மாதிரித்தான் எனக்கு ஞாபகம். சில மாதத்தில் பக்கத்தில் ஷெல் விழுந்தது. என்னோடு நின்ற பிள்ளைகள் இல்லை. எனக்குக் காது மட்டும்தான் போனது.

பிறகு சண்டை முடிந்து அரசாங்கம் எங்களை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமில் சொந்தக்காரர்கள் யார் யார் என்று கேட்டார்கள். அப்போதும் ஒருவரும் இல்லை என்றுதான் சொன்னேன். நான் பெயர் சொன்னால் உன் வீட்டுக்கதவைத் தட்டுவார்கள் என்று பயம். நீ ஒரு வருடமாக என்னைத் தேடி அலைந்தாய் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

உன்னைக் காப்பாற்றத்தான் இந்தத் தடவையும் இல்லை என்றேன். ஆனால் உன் ஃபைலைப் படுக்க வைத்தது நான்தான். உன் கிழங்கு போனதும் என்னால்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

நிஷாந்தி

*

அக்கரப்பத்தனை
21.07.2024

என் தங்கச்சிக்கு,

கடிதத்தை அத்தான் வாசித்துக் காட்டினார். பாதியில் அதை என் கையில் கொடுத்துவிட்டார். பிறகு நான் வாசித்தேன். இங்கே நாங்கள் நலம். உன் கடிதம் கண்ட பிறகு இன்னும் நலம்.

கிழங்கைத் தின்றது பன்றி. நீ இல்லை. அதை முதலில் மனதில் வை.

இந்தப் பதினைந்து வருடமும் என் வீட்டுக்கதவை யாரும் தட்டாமல் நீ அங்கே தனியாகக் காவல் இருந்திருக்கிறாய். நான் இங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். போதும்டி. இனி எனக்காக நீ யாருக்கும் பயப்பட வேண்டாம்.

ஸ்டேசனில் போய்க் கேட்டேன். நீ நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் ஃபைல் மேலே போகுமாம். முகாமில் தந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு வா. லைசன்ஸ் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை. அந்த மேசைக்கு முன்னால் நீயும் நானும் சேர்ந்து நிற்க வேண்டும், எனக்கு அது போதும். வரும்போது கம்பளிச் சட்டை மறக்காதே. மதுரன் தம்பியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
நாகலெட்சுமி

(பொன்னையா எழுதுவது: கொழுந்தியா, வேலை மெனக்கெட்டுப் பெண்டாட்டியை இத்தனை தரம் ஸ்டேசனுக்குக் கூட்டிப்போன ஒரே புருசன் நான்தான். சீக்கிரம் வந்து என்னைக் காப்பாற்று.)

*

தருமபுரம்
01.09.2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஷாமிலாவுக்கு நீ கொடுத்த சிவப்புக் கம்பளித் தொப்பியை அவள் இந்த வெயிலிலும் கழற்றமாட்டேன் என்கிறாள். மதுரன் நான் இல்லாத நாட்களில் மூன்று வேளையும் முட்டை பொரித்தே ஒப்பேற்றியிருக்கிறார். கோழிகள் களைத்துப்போய் நிற்கின்றன.

ஸ்டேசனில் உன்னை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்களே. உள்ளே என்ன நடந்தது என்று நீ லயம் வரும்வரை கேட்டாய். பஸ்ஸில் வாயைத் திறந்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். பிறகு உன் வீட்டில் சிரித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போய்விட்டது. இப்போது எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் பிரியந்தி என்ற பெண் அதிகாரி இருந்தார். என் வயதுதான் இருக்கும். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளைக் கூப்பிடப் போனார். வேண்டாம், எனக்குச் சிங்களம் தெரியும் என்றேன், சிங்களத்திலேயே. எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். புனர்வாழ்வு முகாமில் என்று சொல்லிச் சான்றிதழை மேசையில் வைத்தேன்.

அவர் அதை வாசித்தார். "அப்படியென்றால் துவக்குப் பிடித்திருக்கிறீர்கள்?"

"பிடிக்க வைத்தார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது."

"அக்கா இல்லை என்று ஏன் சொன்னீர்கள்?"

"பயந்தேன். அது பொய். வெளியே வாங்கில் இருப்பவர்தான் என் அக்கா. எனக்கு இருக்கிற ஒரே அக்கா. எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் எழுதினார். பேனாவை மூடினார். பிறகு கேட்டதுதான் பெரிய கேள்வி.

"துவக்கு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இந்த ஃபைலில் இருக்கிற வேறு யாருக்கும் அது அவ்வளவு தெரியாது. நீங்களே சொல்லுங்கள். உங்கள் அக்காவின் கையில் ஒன்றைக் கொடுக்கலாமா?"

வேண்டாம் என்றுதான் வாய்வரை வந்தது. எந்தக் கையிலும் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அப்போது ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய். வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, அத்தானின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தாய்.

"கொடுங்கள்" என்றேன். "கெட்டது செய்ய நினைக்கிறவள் பக்கத்துக் காணிக்காரர் இலவசமாகத் தந்த கட்டுத்துவக்கை வாங்கியிருப்பாள். இவள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூலி நாளையும் இழந்து, உங்கள் வாசலில் வந்து வந்து நிற்கிறாள். என் பெயரை விட்டுவிடச் சொல்லி நானே எழுதினேன். அதையும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் இவளுக்கு எப்போதோ லைசன்ஸ் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. இவளிடம் கொடுக்காவிட்டால் வேறு யாரிடம் கொடுப்பீர்கள்?"

அவர் சிரித்தார். "உங்கள் அக்காவிடம் இனி சார்ஜன்ட் பேசமாட்டார். புலிக் கதையைக் கேட்டதிலிருந்து அவருக்குப் பயம்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு பொலிஸ் ஸ்டேசனுக்குள் உட்கார்ந்து! எழுந்தபோது அவர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்தேனே, ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கிறாய் என்று கேட்டாய். இதற்காகத்தான்.

லயத்து முற்றத்தில் மண்வெட்டிப் பிடியை உன் தோளில் வைத்து, இப்படி நில், இடது காலை முன்னால் வை என்று காட்டித் தந்தேன் அல்லவா. அன்று அது எனக்கு வெறும் மண்வெட்டிப் பிடியாகத்தான் இருந்தது.

மூன்றாம் தரமும் விதைத்துவிடு. பயப்படாதே.

உன் தங்கை,
நிஷாந்தி

*

அக்கரப்பத்தனை
08.12.2024

என் உயிர்த் தங்கச்சிக்கு,

நீ, மதுரன் தம்பி, என் செல்லம் எல்லோரும் நலமா? எங்களைக் கேட்காதே. நாங்கள் பறந்துகொண்டிருக்கிறோம்!

ஐப்பசியில் லைசன்ஸ் வந்தது. அத்தான் அதைச் சாமிப் படத்தடியில் வைத்துத் தேங்காய் உடைத்தார். போய் ஒற்றைக்குழல் துவக்கொன்றை வாங்கிவந்தோம். அதற்கென்று பூட்டுப் பெட்டி செய்து வைத்திருக்கிறேன், சாவி என் கழுத்தில். கொழுந்து மலையில் எல்லோருக்கும் அதைப் பார்க்க ஆசை. கங்காணிகூட, "நாகம்மா, ஒரு தடவ காட்டேன்" என்று கெஞ்சினார். "லைசன்ஸ் எடுத்துக்கிட்டு வாங்க, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு விடியற்காலை பன்றிகள் வந்தன. ஆற்றைக் கடந்து வரிசையாக, தாயும் குட்டியுமாக, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. நீ சொன்னபடி நின்றேன். இடது கால் முன்னால். அத்தான் பின்னால் நின்று, "நாகு, கண்ண மூடாத, கண்ண மூடாத" என்று சொல்லிக்கொண்டே தன் கண்ணை மூடிக்கொண்டார். தலைக்கு மேலே வானத்தைப் பார்த்து இழுத்தேன். மலை முழுக்க எதிரொலித்தது. நான் அப்படியே பின்னால் போய் லீக்ஸ் பாத்தியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் ஒரு பன்றி இல்லை! ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேடேறி ஓடிக்கொண்டிருக்கின்றன. லயத்தில் இருந்து பெண்களெல்லாம் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்றைக்கு எங்களுக்குத் திருவிழாதான். தோளில் பெரிய நீலம் கன்றிப்போயிருந்தது. ஒரு கிழமை முழுக்க வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு தரம்தான் சுட வேண்டி வந்தது. இப்போது என் பாத்திப் பக்கம் அவை எட்டிப் பார்ப்பதில்லை.

நேற்றுக் கிழங்கு தோண்டி முடித்தோம். ஐந்து குடும்பத்துக் காணியும் தப்பியது. மண்வெட்டியைப் போட்ட இடமெல்லாம் கிழங்கு, என் கைமுட்டி பெருசு. தொரை வந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, குத்தகையை நீட்டித்துத் தருவதாகச் சொன்னார். ஆண்டியப்பன் மாமா ஊன்றுகோலோடு வரப்பில் நின்று, "நாகம்மா, நீதான்டி ஆம்பள" என்றார். "பொம்பளைன்னே சொல்லுங்க மாமா, போதும்" என்றேன். அவருக்கு வழக்கு நடக்கிறது. அவர் பாத்திக் கிழங்கையும் நாங்களே தோண்டிக் கொடுத்தோம்.

மேல் டிவிசனில் இருந்து இரண்டு பெண்கள் துவக்குக்கு எழுதிப்போட வந்தார்கள். முத்துலிங்கம் அண்ணனிடம் கூட்டிப்போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி தந்தார். ஒருத்தியின் தம்பி வவுனியாவில் இருக்கிறானாம். எழுதலாமா விடலாமா என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "எழுதுவோம்மா, எல்லாரையும் எழுதுவோம்" என்றார்.

உனக்கு ஒரு மூட்டை கிழங்கு அனுப்பியிருக்கிறேன். கண்டியில் அத்தானின் சிநேகிதர் கிளிநொச்சி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை காலை மதுரன் தம்பியைச் சைக்கிளோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல். அடையாளம் தெரியாமல் போகாது. பெயின்ட் வாங்கி மூட்டையின் இரண்டு பக்கமும் நானே எழுதியிருக்கிறேன். வழியில் எவன் நிறுத்திப் பார்த்தாலும், எட்ட நின்று பார்த்தாலும் வாசிக்கலாம். அவ்வளவு பெரிய எழுத்து.

அனுப்புபவர்: அக்கா நாகலெட்சுமி, அக்கரப்பத்தனை.
பெறுபவர்: தங்கை நிஷாந்தி, கிளிநொச்சி.